சிங்கப்பூர்ப் படங்களில் பதின்ம வயது: அழுத்தம் தருவது யார்?

மன அழுத்தம், மன உளைச்சல், நெருக்கடி என்று தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஆனால் உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் தம்பியைக் கேட்டால், "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்றுதான் சொல்வான். எதனால் என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல" என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

திரைப்படம் அப்படி முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் அந்த "ஒண்ணுமில்ல"வுக்கு ஒரு காரணம் காட்டியாக வேண்டும். அம்மாவா? ஆசிரியரா? தேர்வா? கூடச் சுற்றும் நண்பர்களா? கடந்த 25 ஆண்டுகளில் சிங்கப்பூர் மாணவர்களைப் பற்றி வந்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும்: குற்றம் சுமத்தப்படும் ஆள் படத்துக்குப் படம் மாறுகிறார். அதோடு, இன்றைய இளையர்களை அதிகம் வாட்டும் சில விஷயங்களை நம் படங்கள் இன்னும் சரியாகத் தொடவே இல்லை என்பதும் தெரியும்.

பத்து வயதில் ஒரு முத்திரை

ஜேக் நியோவின் 'ஐ நாட் ஸ்டூபிட்' 2002இல் வந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். அதனால் படத்தைப் பற்றிப் பேசுமுன் 'இஎம்3' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் தொடக்கநிலை நான்கின் முடிவில் மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: இஎம்1, இஎம்2, இஎம்3. 1990களின் தொடக்கத்தில் வந்த முறை இது. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம் ஆகியவற்றில் பின்தங்கியவர்களுக்கு இஎம்3. அவரவர் வேகத்தில் படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் பிள்ளைகளின் காதில் விழுந்தது வேறு. பத்து வயதிலேயே "நீ மூன்றாம் தரம்" என்று யாரோ நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி இருந்தது.

படத்தில் இஎம்3 வகுப்பைச் சேர்ந்த மூன்று பையன்கள். டெர்ரி பணக்கார வீட்டுப் பிள்ளை. எதைச் செய்வதென்றாலும் அம்மா சொல்ல வேண்டும். பூன் ஹோக் சாப்பாட்டுக் கடையில் குடும்பத்துக்கு உதவிக்கொண்டே படிப்பவன். கோக் பின் நன்றாக ஓவியம் வரைவான். கணக்கு மட்டும் வராது. மதிப்பெண் குறைந்தால் வீட்டில் பிரம்படி. ஒரு கட்டத்தில் அவன் உயிரை மாய்த்துக்கொள்ளவே துணிகிறான். நகைச்சுவைப் படம் என்று நம்பிக் குடும்பத்தோடு வந்தவர்கள் அந்த இடத்தில் அடங்கிப் போனார்கள்.

டெர்ரியின் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். 'எல்லாம் உன் நன்மைக்குத்தான்' என்ற தோரணையிலேயே பேசுவார், எல்லா முடிவையும் அவரே எடுப்பார். அந்தப் பாத்திரம் ஒரு தாயை மட்டும் குறிக்கவில்லை, அரசாங்கத்தையும் லேசாகக் கிண்டல் செய்கிறது என்று அப்போதே பலர் பேசிக்கொண்டார்கள். படம் கிளப்பிய விவாதம் நாடாளுமன்றம்வரை போனது.

பிறகு என்ன ஆனது? 2004இல் இஎம்1, இஎம்2 இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. 2008இல் இஎம்3 பிரிவே இல்லாமல் போனது. ஒரு படம் வந்ததால்தான் கல்வி முறை மாறியது என்று சொல்லிவிட முடியாது. அமைச்சு ஏற்கெனவே பல மாற்றங்களை யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் 'இஎம்3 பிள்ளை' என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது இந்தப் படத்தால்தான்.

அதே பையன்கள், நான்கு ஆண்டு கழித்து

2006இல் 'ஐ நாட் ஸ்டூபிட் டூ'. முதல் படத்தில் கோக் பின்னாக வந்த ஷான் லீ இதில் 15 வயது டாம். பூன் ஹோக்காக வந்த ஜோஷுவா ஆங் இதில் செங்சாய் என்ற முரட்டு மாணவன். நடிகர்களும் வளர்ந்தார்கள், பிரச்சினைகளும் வளர்ந்தன.

இங்கே தேர்வு பின்னுக்குப் போய்விடுகிறது. வீட்டில் பேச ஆளில்லை என்பதுதான் கதை. டாம் தன் மனதில் இருப்பதை வலைப்பூவில் எழுதுகிறான். 2006இல் அதுதான் இன்றைய இன்ஸ்டகிராம் மாதிரி. செங்சாயின் அப்பா சிறை சென்று வந்தவர், அவருக்குப் பேச்சை விடக் கை முந்தும். டாமின் எட்டு வயதுத் தம்பி ஜெர்ரி செய்வதுதான் மறக்க முடியாதது. பள்ளி நாடகத்தில் தான் நடிப்பதைப் பார்க்க அப்பாவுக்கு நேரமில்லை. அப்பாவின் ஒரு மணி நேரத்துக்கு 500 வெள்ளி ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பணத்தைச் சேர்க்க ஜெர்ரி திருடவும் செய்கிறான்.

நியோவின் படங்களில் ஒரு விதி உண்டு. பெரியவர்கள் கடைசியில் அழுவார்கள். அழுதுவிட்டால் திருந்திவிட்டார்கள் என்று பொருள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அந்தக் கண்ணீரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது: அம்மா, அப்பா திருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? திருந்துவதற்கு வீட்டில் யாருமே இல்லாவிட்டால்?

'15': கேட்பதற்கே ஆளில்லாத பையன்கள்

அந்தக் கேள்வியோடு ராய்ஸ்டன் டானின் '15' படத்துக்கு வர வேண்டும். 2002இல் குறும்படமாகவும் 2003இல் முழுநீளப் படமாகவும் வந்தது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர்; பள்ளியிலிருந்து விலகித் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த உண்மையான இளையர்கள். பெரும்பாலும் அவர்கள் வாழ்க்கையையே அவர்கள் நடித்தார்கள்.

இந்தப் படத்தில் 'படி படி' என்று யாரும் நச்சரிப்பதில்லை. பிரம்பெடுக்கும் அம்மா இல்லை, அறிவுரை சொல்லும் ஆசிரியர் இல்லை. பெரியவர்களையே அரிதாகத்தான் பார்ப்பீர்கள். கழக அடுக்குமாடிகளின் தாழ்வாரங்களிலும் கீழ்த்தளங்களிலும் பையன்கள் சுற்றுகிறார்கள், கும்பல் பாட்டுப் பாடுகிறார்கள், உடம்பைக் குத்திக்கொள்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர் அடிபடுகிறார்கள். அழுத்தம் என்றால் யாரோ மேலே இருந்து அமுக்குவது என்றுதான் நாம் நினைப்போம். யாருமே கண்டுகொள்ளாமல் விடுவதும் அதே அளவு கனமானது என்று இந்தப் படம் காட்டுகிறது. பெற்றோரின் பிடி அதிகம் என்று நியோ சொன்ன அதே ஆண்டுகளில், பிடியே இல்லாத பிள்ளைகளை டான் படம் பிடித்தார்.

தணிக்கைக் குழு 27 இடங்களில் வெட்டியது. படத்தில் இருப்பவர்களின் வயதில் உள்ள யாரும் திரையரங்கில் அதைப் பார்க்க முடியாது என்பது இன்னொரு முரண். டான் சும்மா இருக்கவில்லை. 2004இல் 'கட்' என்ற குறும்படத்தை எடுத்து, தணிக்கையைப் பாட்டும் கூத்துமாகக் கிண்டல் செய்தார்.

'15' எல்லாருக்கும் பிடிக்கிற படம் அல்ல. சில இடங்களில் கேமரா அந்தப் பையன்களின் வலியை அழகாகக் காட்டுவதிலேயே மயங்கி நிற்கிறது. கும்பல் வாழ்க்கையை வீரமாக நினைக்க வைக்குமோ என்று அப்போது எழுந்த கவலையையும் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், நகரத்துப் பிள்ளை என்றால் சீருடையும் புத்தகப்பையும்தான் என்ற படத்தை உடைத்தது இதுதான்.

இதற்கு முன்னோடி ஒன்றையும் சொல்லிவிடலாம். கெல்வின் டோங், ஜாஸ்மின் இங் இருவரும் சேர்ந்து 1999இல் எடுத்த 'ஈட்டிங் ஏர்', மோட்டார் சைக்கிளில் இரவெல்லாம் சுற்றும் இளையர்களின் கதை. தலைப்பு விநோதமாகத் தோன்றலாம். மலாயில் 'மாக்கான் ஆங்கின்' என்றால் உலாவப் போவது. நம் வீட்டில் "காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோமே, அதேதான். அவர்கள் காற்றைத் தின்கிறார்கள், நாம் வாங்குகிறோம்.

முறை மாறியது, கவலை மாறியதா?

2002இல் இருந்த பள்ளி வேறு, இன்றைய பள்ளி வேறு. 2021 முதல் பிஎஸ்எல்இ தேர்வில் பழைய மொத்த மதிப்பெண் முறை இல்லை. அகலமான தகுதி நிலைகள் வந்துவிட்டன. தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முழுமையாக நீக்கப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் தகுதிக்கேற்ற நிலையில் படிக்கலாம்.

அப்படியென்றால் டியூஷன் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிடும் தொகை 2018இல் ஆண்டுக்குச் சுமார் 1.4 பில்லியன் வெள்ளி. 2023இல் அது 1.8 பில்லியன். வீட்டுச் செலவுகள் பற்றி அரசாங்கம் எடுத்த ஆய்வு சொல்லும் கணக்கு இது.

15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வு 2015இல் வேறொன்றைச் சொன்னது. பள்ளியில் மோசமான மதிப்பெண் வந்துவிடுமோ என்று கவலைப்படுவதாகச் சிங்கப்பூர் மாணவர்களில் 86 விழுக்காட்டினர் கூறினர். ஆய்வை நடத்திய ஓஇசிடி நாடுகளின் சராசரி 66 விழுக்காடு. நன்றாகப் படிப்பவர்களின் நாடு, பயமும் அதிகம்.

ஆகவே 2024இல் நியோ 'ஐ நாட் ஸ்டூபிட் 3' எடுத்தபோது, கதைக்கு மறுபடியும் பிஎஸ்எல்இயே கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. முதல் படத்தில் பிரச்சினை ஒரு பிரிவின் பெயர். அந்தப் பெயரை அழித்தாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கத்துக்குப் பெயர் இல்லை, அதனால் எந்தச் சுற்றறிக்கையாலும் அதை நீக்க முடியவில்லை.

தாய்மொழி வகுப்பில் ஒருவன்

ஆண்டனி சென்னின் 'இலோ இலோ' படம் 2013இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான கேமரா டோர் விருதை வென்றது. 1997 பொருளாதார நெருக்கடியில் அப்பா வேலை இழக்க, வீட்டில் யாருக்கும் கவனிக்க நேரமில்லாத சிறுவன் ஜியாலே அதில் நாயகன். பள்ளியில் எல்லார் முன்னிலையிலும் அவனுக்குப் பிரம்படி விழும் காட்சி உண்டு.

ஆறு ஆண்டு கழித்து, அதே சென் 'வெட் சீசன்' எடுத்தார். 'இலோ இலோ'வில் அம்மாவும் மகனுமாக நடித்த இயோ யான் யானும் கோ ஜியா லெரும் இதில் ஆசிரியரும் மாணவரும். தமிழ் இளையர்கள் இந்தப் படத்தைப் பார்க்க ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மலேசியாவிலிருந்து வந்த லிங், ஆண்கள் பள்ளியில் சீன மொழி கற்பிக்கிறார். அவர் சீனத்தில் பேச, மாணவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். பள்ளிக்கும் அந்தப் பாடம் பெரிதில்லை. கூடுதல் வகுப்புக்குக் கடைசியில் வெய் லுன் என்ற ஒருவன்தான் எஞ்சுகிறான். சீனம் என்ற இடத்தில் தமிழ் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். "தமிழ் வகுப்புதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நீங்களே ஒரு நாள் சொல்லியிருப்பீர்கள்.

வெய் லுன்னின் பெற்றோர் வேலை வேலை என்று வீட்டில் இருப்பதே இல்லை. ஆனால் முந்தைய படங்களில் இல்லாத ஒன்று இதில் உண்டு: ஆசிரியரும் நசுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். குழந்தைக்காகச் சிகிச்சை, பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார், விலகிப்போகும் கணவர். தனித்துப்போன இருவர் நெருங்கும்போது உறவு எல்லை மீறுகிறது. அது தவறு என்பதில் சந்தேகம் இல்லை, அதன் விளைவையும் படம் மறைக்கவில்லை. அதனால் இதைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. பெரியவர்கள் என்றால் அழுத்தம் கொடுப்பவர்கள் மட்டுமே என்ற பழைய கணக்கைக் கலைத்ததற்காக இந்தப் படத்தை முக்கியமானது என்பேன்.

நம் பிள்ளைகள் எங்கே?

தமிழ் மாணவர் நடுவில் நிற்கும் சிங்கப்பூர்ப் பள்ளிப் படம் ஒன்று சொல்லுங்கள். யோசிக்க வேண்டியிருக்கிறது, இல்லையா? எரிக் கூவின் 'மை மேஜிக்' தமிழில் எடுக்கப்பட்டு, 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்கே போனது. ஆனால் அது குடிக்கு அடிமையான மந்திர வித்தைக்காரர் ஒருவரின் கதை. அவருடைய சின்ன மகன்தான் வீட்டில் பெரியவன் மாதிரி நடந்துகொள்வான். பள்ளி அதன் மையம் அல்ல. தொலைக்காட்சியில் வசந்தம் நாடகங்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியிருக்கின்றன.

திரையில் நம் பிள்ளைகளைப் பார்க்கக் கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போக வேண்டும். யாஸ்மின் அகமதின் கடைசிப் படமான 'டேலண்ட்டைம்' 2009இல் வந்தது. பள்ளித் திறன் போட்டியில் பாடப்போகும் மெலூரைத் தினமும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்லும் பொறுப்பு மகேஷுக்கு. அவன் எதற்கும் பதில் பேசாததால் திமிர் பிடித்தவன் என்று நினைத்துத் திட்டுகிறாள். அவனுக்குக் காது கேட்காது என்பது பிறகுதான் தெரிகிறது. அவள் முஸ்லிம், அவன் இந்து. மகேஷின் அம்மாவுக்கு அந்த உறவை ஏற்க முடியவில்லை. அந்த மறுப்புக்குப் பின்னால் குடும்பத்தின் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. மதிப்பெண்ணைப் பற்றிய படமாக இருந்தால் இந்த அழுத்தம் வெளியே தெரிந்திருக்காது. "யாரோடு பேசுற? எந்த வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி எத்தனை வீடுகளில் இன்னும் கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதே படத்தில் காஹோ என்ற சீனப் பையன். எப்போதும் முதலிடம் வந்தாக வேண்டும் என்று அப்பாவின் விரட்டல். வகுப்பில் போட்டியாக வந்த ஹஃபிஸ்மேல், அவன் ஏமாற்றி மதிப்பெண் வாங்குகிறான் என்று பழி போடுகிறான். கடைசியில் ஹஃபிஸ் மேடையில் தனியாகப் பாடும்போது, காஹோ எர்ஹு வாத்தியத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்து வாசிக்கிறான். யாரும் யாரையும் மன்னித்துப் பேசுவதில்லை. நியோவாக இருந்தால் அங்கே ஒரு பக்க வசனம் வைத்திருப்பார்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம். மறு ஆண்டு சிறந்த மலேசியப் படத்துக்கான விருதையும் வென்றது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் 'ஜகாட்' ஆனது; கெட்டவன் என்று பொருள். 1990களின் தொடக்கம். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒண்டியிருந்த காலம். 12 வயது அப்போய்க்குக் கற்பனை அதிகம், பள்ளிக்கு அது பிடிபடவில்லை. சித்தப்பாமார் போன வழியில் மகன் போய்விடக் கூடாது என்று அப்பா அடித்து அடித்துப் படிக்க வைக்கப் பார்க்கிறார். அந்த அடிகளே அவனை அவர் அஞ்சிய திசைக்குத் தள்ளுகின்றன. கோக் பின்னின் அம்மாவும் அப்போயின் அப்பாவும் கையில் எடுப்பது ஒரே பிரம்புதான். ஆனால் கோக் பின் கணக்கில் தோற்றால் போவது மதிப்பெண். அப்போய் தோற்றால் அவனுக்காகத் தெருமுனையில் ஒரு கும்பல் காத்திருக்கிறது. வறுமையைக் கணக்கில் சேர்க்காமல் 'பெற்றோர் அழுத்தம்' என்று மொத்தமாகச் சொல்லிவிடும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

திரைக்கு இன்னும் வராதவை

மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வின்படி, 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கடுமையாக இருந்தது. அதோடு தொடர்புள்ளவையாக ஆய்வு சொன்னவை எவை தெரியுமா? சமூக ஊடகத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது, உடல் தோற்றம் பற்றிய கவலை, இணையத்தில் துன்புறுத்தப்படுவது.

மேலே பேசிய படங்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். பிரம்பு இருக்கிறது, மதிப்பெண் அட்டை இருக்கிறது, கும்பல் இருக்கிறது. இரவு 1 மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசி இல்லை. ஒருவகையில் அது இயக்குநர்களின் சிரமமும்கூட. பிரம்படியைக் காட்டலாம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்படுவதை எப்படிக் காட்டுவது? வெளிநாட்டில் அதற்கு வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். 2018இல் வந்த அமெரிக்கப் படம் 'எய்த் கிரேட்', தன்னம்பிக்கை பற்றிக் காணொளி போட்டுக்கொண்டே நிஜத்தில் யாரோடும் பேச முடியாமல் தவிக்கும் 13 வயதுப் பெண்ணைக் காட்டியது. 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசென்ஸ்' தொடரில், எமோஜிகளுக்கு என்ன பொருள் என்று காவல் அதிகாரிக்கு அவர் மகன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொரு இடைவெளியையும் கவனித்திருப்பீர்கள். டெர்ரி, கோக் பின், டாம், ஜியாலே, வெய் லுன், அப்போய். எல்லாரும் பையன்கள். பெண் பிள்ளைகள் வந்தால் தங்கையாகவோ காதலியாகவோ வருவார்கள். இது இப்போதுதான் மெல்ல மாறுகிறது. டான் சியூ இயக்கி 2025இல் டொரோண்டோ விழாவில் திரையிடப்பட்ட 'அமீபா', கண்டிப்பான பெண்கள் பள்ளி ஒன்றில் நான்கு மாணவிகள் சேர்ந்து 'கும்பல்' அமைப்பதைச் சொல்கிறது. '15' வந்து 22 ஆண்டுக்குப் பிறகு, கும்பல் என்ற சொல் பாவாடைச் சீருடைக்குள் வந்திருக்கிறது.

அம்மா அப்பாவோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் எந்தப் படம் என்பதைப் பொறுத்தது. 'ஐ நாட் ஸ்டூபிட்' வரிசையையும் 'டேலண்ட்டைம்' படத்தையும் வரவேற்பறையில் எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம். 'இலோ இலோ' பெற்றோருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். 1997இல் அவர்களும் இளையர்கள்தானே. '15', 'வெட் சீசன்' இரண்டுக்கும் வயது வகைப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிங்கப்பூர்ப் படங்களை ஆசியத் திரைப்படக் காப்பகம் அவ்வப்போது கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் திரையரங்கில் திரையிடும். பெரிய திரையில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

படம் முடிந்ததும் "நீங்களும் இப்படித்தான்" என்று அம்மாவிடம் ஆரம்பித்தால் அன்று இரவு சாப்பாடு கசக்கும். "அந்தம்மா ஏன்மா அப்படிக் கத்துறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தன்னைப் பற்றியே பேசத் தொடங்கிவிடலாம். உங்களால் நேராகச் சொல்ல முடியாததையும் டாமின் பெயரிலோ மெலூரின் பெயரிலோ சொல்லிவிடலாம்.

கோக் பின்னின் காட்சி உங்களுக்கு மிக நெருக்கமாகப் பட்டால், அல்லது உங்கள் நண்பர் அப்படிப் பேசினால், அதைப் படத்தோடு விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணிலும், தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையை 1771 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம்.